பேர் எழுதாத பேப்பர் என் கைக்கு வந்த கதை

நேத்து இங்கிலீஷ் பீரியட்ல நான் ஒரு பொய் சொன்னேன்.

(தினமும் சொல்றதுதான். இது வேற ரகம்.)

பாடம் ஒரு குட்டிக் கவிதை. மேல கையை வச்சா மறைஞ்சிடும், அவ்ளோதான் சைஸ். ஊருக்கே தெரிஞ்ச ஆளா இருக்கறதை விட, யாருக்கும் தெரியாத ஆளா இருக்கறது சுகம்னு சொல்ற கவிதை.

எனக்குச் சுத்தமா ஒட்டலை. பிரின்சிப்பலுக்கே என் பேர் மனப்பாடம். (காரணம் இங்க வேண்டாம். அம்மா இதைப் படிப்பாங்க.)

கவிதை பத்தி மனசுல வந்ததை எழுதுங்க, எந்த பாஷையானாலும் சரி, பேர் மட்டும் போடாதீங்கன்னாங்க டீச்சர். எல்லாத்தையும் மடிச்சு டப்பால போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒண்ணு எடுத்து, அடுத்தவங்க எழுதினதை வாசிக்கணும்.

நான் வெள்ளைப் பேப்பரை மடிச்சுப் போட்டேன். பேரே இல்லாத ஆளுக்குக் கருத்து எதுக்கு?

ஒரு பேப்பர்ல ஃபாலோயர்ஸ் வேணும்னு இருந்தது. இன்னொண்ணுல, பிரபலமானா பஸ்ல சீட் கிடைக்குமான்னு ஒரு கேள்வி.

என் முறை. பிரிச்சேன்.

தமிழ்.

எங்க கிளாஸ் மொத்தமும் மலையாளம். அங்க நானும் மலையாளம்தான். வீட்ல தமிழ், அப்பாவோட பாத்திரக் கடை இங்க 'சாலை'ங்கிற கடைவீதியில. ஆனா சின்ன கிளாஸ்ல ஒருத்தன், தமிழனைக் கேலி பண்ண இங்க சொல்ற "பாண்டி"ங்கிற பேரால என்னைக் கூப்பிட்ட அன்னிலிருந்து, செருப்பைக் கழட்டற மாதிரி தமிழை ஸ்கூல் கேட்டுக்கு வெளிய கழட்டி விட்டுட்டுத்தான் உள்ள போவேன்.

பேப்பர்ல இருந்தது இது:

"எங்க லயத்துல பனி இறங்கினா பக்கத்து வீட்டு ஆள் கூடத் தெரியாது. ஆனா பேர் சொல்லிக் கூப்பிட்டா குரல் வரும். இங்க பனி இல்லை. எல்லாரும் நல்லாத் தெரியறாங்க. என்னை யாரும் கூப்பிடறதில்லை. பிரபலம் எல்லாம் வேண்டாம். ஒரு ஆள் கூப்பிட்டா போதும்."

லயம்னா எஸ்டேட்ல வேலை பாக்கறவங்க குடியிருக்கிற வரிசை வீடு. மலையில இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கற பொண்ணு எங்க கிளாஸ்ல ஒருத்திதான். அளந்து அளந்து மலையாளம் பேசுவா. அவ தமிழ்னு எனக்கே அப்பதான் தெரியும். தமிழ்ல எழுதினா யாருக்கும் புரியாது, வாசிக்காம விட்டுடுவாங்கன்னு நம்பி எழுதியிருக்கா.

திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சுல தலை குனிஞ்சு, பேனா மூடியைக் கழட்டிக் கழட்டி மாட்டிட்டு இருந்தா.

பக்கத்துல இருந்த விஷ்ணு எட்டிப் பார்த்தான். "எடா, இது தமிழ் அல்லே?"

அவன் ரகசியம் பேசினாலே கிளாஸுக்குக் கேக்கும். யாரோடதுன்னு எல்லாத் தலையும் திரும்ப ஆரம்பிச்சது. வரிசை வரிசையா போய் அவ மேலதான் நிக்கும்.

"என்னோடதுதான் டீச்சர். குலுக்கினதுல எனக்கே வந்துடுச்சு."

விஷ்ணு வாயைப் பிளந்தான். நீ எப்படா தமிழன் ஆனேன்னு கேட்டான். பாதி நேரம்தான்னு சொன்னேன்.

முதல்ல தமிழ்ல வாசி, அப்புறம் அர்த்தம் சொல்லுன்னாங்க டீச்சர். வாசிச்சேன். ஸ்கூலுக்குள்ள தமிழ் பேசற என் குரல் யாரோ புதுசா வந்தவன் குரல் மாதிரி இருந்தது. அப்புறம் மலையாளத்துல சொன்னேன். (அங்க பனின்னா காய்ச்சல். நல்லவேளை மூடல்மஞ்ஞுன்னு மாத்தினேன். இல்லாட்டி எஸ்டேட்டுக்கே மாத்திரை அனுப்பியிருப்பாங்க.) உனக்கும் எஸ்டேட்டுக்கும் என்ன சம்பந்தம்னு ஒருத்தன் கேட்டான். அந்த இடத்துலயே மலை மேல ஒரு சித்தியை உருவாக்கினேன்.

யாரும் சிரிக்கலை. நான் வாயைத் திறந்து இந்த கிளாஸ் சிரிக்காம இருந்ததே இல்லை.

அப்புறம் கைதட்டினாங்க. எனக்குக் கிடைச்சதிலேயே பெரிய கைதட்டல். அதுவும் என்னோடது இல்லை.

ஸ்கூல் மேகசின்ல போடலாம், ஒரு ஃபோட்டோ கொண்டு வான்னாங்க டீச்சர்.

அங்கதான் எனக்கு உறைச்சது. காப்பாத்தறேன்னு கிளம்பி, அவ எழுத்தையே நான் தூக்கிட்டேனா?

லஞ்ச்ல தண்ணி டேப்கிட்ட அவளைப் பிடிச்சேன். தமிழ்லயே கேட்டேன். "டீச்சர்கிட்ட உன் பேரைச் சொல்லிடட்டுமா?"

பாட்டிலை மூடினா. "நீங்க தமிழா?"

(இந்த ஸ்கூல்ல என்னை 'நீங்க'ன்னு சொன்ன முதல் ஆள். வாட்ச்மேனுக்கே நான் 'டா'தான்.)

"வீட்ல. மேகசின்ல யார் பேர் போடணும், அதைச் சொல்லு."

"உங்க பேர் வேண்டாம்."

"உன்னோடது?"

கொஞ்சம் யோசிச்சா. "அதுவும் வேண்டாம். ஆனா தமிழ்லயே போடச் சொல்லுங்க."

நாலடி போய்த் திரும்பினா. "சித்தி நல்லாருக்காங்களா?"

(அடிப்பாவி.)

டீச்சர்கிட்ட போய், எழுதினது நான் இல்லை, யாருன்னு சொல்ல மாட்டேன், பேர் இல்லாம தமிழ்லயே போடணும்னு சொன்னேன். என்னையே பார்த்தாங்க. சரின்னாங்க. அப்ப உன் பேப்பர் எங்கன்னு கேட்டாங்க.

வெள்ளைப் பேப்பருக்கு இம்போசிஷன் தனியா கிடைச்சது.

சாயங்காலம் ஹாஸ்டல் பொண்ணுங்க கேட் பக்கம் கூட்டமா போனாங்க. அவ பின்னாடி, தனியா.

கிரவுண்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டேன். விஷயம் ஒண்ணும் இல்லை. சும்மாதான்.

நின்னா. உடனே திரும்பலை.

அப்புறம் குரல் வந்துச்சு.

"என்னடா?"

எங்க கிளாஸ்ல இந்தப் பதிவைப் படிக்கத் தெரிஞ்சது ரெண்டே பேர். இன்னிக்கு லஞ்ச்ல அவகிட்ட எல்லாத்தையும் சொல்லி, அவ சரின்னு சொன்ன பிறகுதான் போடறேன். (சித்தி கட்டாயம் வரணும்னு சொன்னதும் அவதான்.)

என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டேன்னு கமெண்ட்ல கேக்கப் போறவங்களுக்கு இப்பவே பதில்:

ஆசை, தோசை.