விசியும் ஒரு பக்கம் போன நாக்கும்

எங்கள் தெருவில் விசியைப் பார்க்காதவர்கள் இருக்கலாம். அவள் குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. நியெவெஸ் என்று என் பெயரையே வைத்திருக்கும் என் காபிக்கடைக்கு நேர் மேலே இரண்டாம் மாடியில் குடியிருக்கிறாள். காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்து, அன்றைக்கு அடிக்கப்போகும் வெயிலை முன்கூட்டியே அவள் திட்ட ஆரம்பித்தால், நான் காபி மெஷினைப் போட வேண்டிய நேரமாகிவிட்டது என்று அர்த்தம். முழுப் பெயர் விசிட்டாசியோன். அதை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டவர் அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்த பாதிரியார் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்பெயினில், எங்கள் சலமாங்காவில் கோடை என்றால் இரண்டு கூட்டம் வரும். ஒன்று, பல்கலைக்கழக வாசலில் கழுத்து வலிக்க நின்று, சுவரில் செதுக்கிய தவளையை அதிர்ஷ்டத்துக்காகத் தேடும் கூட்டம். அவர்கள் என் கடையில் தண்ணீர் மட்டும் கேட்பார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இன்னொன்று, எங்கள் மொழியைப் படிக்க வரும் மாணவர்கள். காலையில் வகுப்பு; சாப்பாடும் படுக்கையும் எங்களைப் போன்றவர்கள் வீட்டில். மகன் பில்பாவோவுக்கு வேலைக்குப் போனதும் விசி வீட்டில் அவன் அறை காலியானது. காலி அறை அவளுக்குப் பல்வலி மாதிரி. அந்த வருஷமே மொழிப்பள்ளிக்குப் போய், "எனக்கு ஒரு பிள்ளைய அனுப்புங்க" என்று நின்றாள். அதற்குப் பிறகு எந்தக் கோடையிலும் அந்தக் கட்டில் சும்மா கிடந்ததில்லை.

அவள் மேசைக்கென்று சட்டம் உண்டு. மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கு. யாரும் தனியாகச் சாப்பிடக் கூடாது. எதையும் விரலால் காட்டிக் கேட்கக் கூடாது, வாயைத் திறந்துதான் கேட்க வேண்டும். ஒரு கொரியப் பையன் முதல் நாள் உப்பின் பெயர் தெரியாமல் உப்பில்லாத பருப்பையே சாப்பிட்டு எழுந்தான். மூன்றாம் நாள் உப்பு, மிளகு, வினிகர் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, பருப்பு குழைந்துவிட்டது என்று குறையும் சொன்னான். விசிக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்தவர்கள் இலக்கணம் படித்தார்களோ இல்லையோ, எங்களோடு சண்டை போடக் கற்றுக்கொண்டுதான் ஊருக்குத் திரும்பினார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் ஒனோரியோவுக்குப் பக்கவாதம் வந்தது. டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். கை கால் மெல்லத் தேறியது. முகத்தின் வலது பாதி தேறவில்லை, பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் தடுமாறித்தான் வரும். இந்த மாதிரி வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டியே புருஷனின் வாயாகிவிடுவாள். அவருக்குப் பசிப்பதையும் குளிர்வதையும் அவளே சொல்வாள். விசி, ஊரிலேயே பெரிய வாய்க்காரி, அதை மட்டும் செய்யவே இல்லை. யாராவது அவளிடம் "எப்படி இருக்கார்?" என்று கேட்டால், "அவருதான் இங்க நிக்கிறாரே, அவரையே கேளுங்க" என்பாள். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை, எவ்வளவு நேரமானாலும், ரொட்டிக் கடை வரிசை முழுக்க முணுமுணுத்தாலும், அசையாமல் நிற்பாள். அந்த ஒன்றுக்காகவே அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பேச்சுக்காரி வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த ஜாதிதான்.

அவளால் முடியாதது ஒன்றே ஒன்று. ஒனோரியோவைத் திரும்ப என் கடைக்கு, முஸ் ஆடும் மேசைக்கு, இறக்கிக் கொண்டுவர முடியவில்லை.

முஸ் நாலு பேர் ஆடும் சீட்டாட்டம். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. கையில் என்ன சீட்டு என்று ஜோடிக்கு முகத்தால் சொல்லலாம். உதட்டைக் கடித்தால் ராஜா. ஆட்டத்திலேயே சின்னச் சீட்டு ஆஸ்; நாக்கு நுனியை நேராக நீட்டினால் இரண்டு ஆஸ், ஓரமாக நீட்டினால் மூன்று. கண்ணடித்தால் முப்பத்தொன்று, அதை வெல்லும் எண்ணிக்கை ஆட்டத்தில் கிடையாது. எதிராளி பார்க்காத நேரமாகச் செய்ய வேண்டும். பார்த்துவிட்டால் நம் தலையெழுத்து. வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம், ஆட்டமே அதுதான். முகத்தால் மட்டும் பொய் சொல்லக் கூடாது. பொய்ச் சைகை காட்டியவனோடு எங்கள் பக்கத்தில் யாரும் ஆட மாட்டார்கள்.

ஒனோரியோவும் பூட்டுக்கடை கஸ்பாரும் இளவயதிலிருந்தே ஜோடி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில மாதம் கழித்து ஒனோரியோ முதல் தடவையாகக் கடைக்கு இறங்கி வந்தபோது, கஸ்பார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தான். அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு கஸ்பார் சீட்டை மேசையில் எறிந்தான். "மூணு ஆஸ்னு காட்டுற, கையில ரெண்டுதான் இருக்கு! போன ஆட்டத்துலயும் இதே! உன் மூஞ்சியே பொய் சொல்லுது ஒனோரியோ!"

ஒனோரியோ தன் கையிலிருந்த சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து மாடிக்குப் போனார். அதற்குப் பிறகு இறங்கவில்லை.

பொய் என்று யாரும் நம்பவில்லை, கஸ்பார் உட்பட. நாங்கள் நினைத்தது அதைவிட மோசமானது: நோய் மூளையைத் தொட்டுவிட்டது, மனுஷனுக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது என்று. ஒனோரியோவும் அதையேதான் நினைத்தார். இரண்டு என்றுதானே காட்டினோம், கஸ்பார் ஏன் மூன்று என்கிறான். அப்படியென்றால் தன் அறிவுதான் கலங்கிவிட்டது என்று முடிவு செய்துகொண்டார். எதையும் எண்ணிச் சொல்வதை நிறுத்தினார். விசி என்னிடம் ஒருநாள், கோப்பையைத் துடைக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "முட்டை எத்தனை வேணும்னு கேட்டா ஜன்னலப் பாக்குறாரு நியெவெஸ். நானும் கேக்குறத விட்டுட்டேன். பதில் தப்பா வந்துருமோன்னு பயமா இருக்கு." விசி பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

போன வருஷக் கோடையில் வந்தவள் ஃபெம்கே, ஹாலந்துக்காரி. கதவு நிலை உயரம். வந்த அன்றே சாப்பாட்டு மேசை விளக்கில் இரண்டு தரம் தலையை இடித்துக்கொண்டாள். விசி விளக்கை மேலே ஏற்றிக் கட்டினாள், "இந்தப் பொண்ணுக்குச் சோறு போட்டுக் கட்டுப்படியாகாது" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே இரண்டு கரண்டி கூடப் போட்டாள். பாதிப் பேச்சுப் புரியாததால் ஃபெம்கே யார் பேசினாலும் வாயையும் முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒனோரியோ பேசினாலும் அப்படித்தான். எங்களுக்கெல்லாம் அந்த முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவளுக்கு எல்லா முகமும் ஒன்றுதான்.

மதியம் சாப்பிட்டதும் விசி ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டுப் படுத்துவிடுவாள். வீடே இருட்டு. ஒனோரியோவுக்குத் தூக்கம் வராது. ஃபெம்கேவுக்குப் பகலில் தூங்குவது என்றாலே சிரிப்பு. மொழி வகுப்பில் வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபோக்காக முஸ் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் சீட்டுக்கட்டோடு அவர் எதிரில் உட்கார்ந்தாள். முதலில் தலையாட்டி மறுத்தார். அவள் சீட்டைப் போட்டுவிட்டாள். போட்ட சீட்டை எடுக்காமலிருக்க எந்த முஸ் ஆட்டக்காரனாலும் முடியாது.

பிறகு நடந்ததை விசி சொல்லித்தான் கேட்டேன். தூங்கிக்கொண்டிருந்தவளை ஒரு சத்தம் எழுப்பியது. அவர் விழுந்துவிட்டார் என்று நினைத்து வெறுங்காலோடு ஓடியிருக்கிறாள். சமையலறையில் ஃபெம்கே தன் கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியை ஒனோரியோ முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். அவர் நாக்கை நீட்டுவதும் உள்ளே இழுப்பதுமாக இருந்தார்.

"என்னடி பண்ற அவர?" என்றாள் விசி.

"விசி, பாருங்க. அவர் நேரா நீட்டுறார். நாக்கு நேராப் போகல. வலது பக்கம் போகுது. ரெண்டு ஆஸ், வலது பக்கம். மூணு ஆஸ், அதுவும் வலது பக்கம். கையில ரெண்டு இருக்குன்னு அவருக்குத் தெரியும். நாக்குக்குத்தான் தெரியல."

ஒனோரியோ கண்ணாடியைத் தன் கையில் வாங்கி இன்னொரு தரம் நீட்டிப் பார்த்தார். வலது பக்கம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். விசியை எழுப்பிய சத்தம் அந்தச் சிரிப்புதான். அதைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்ததால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"முட்டை," என்றார் ஒனோரியோ. "எத்தனை... இருக்கு... கேளு."

விசி கேட்டாள். அவர் குளிர்ப்பெட்டியைத் திறந்து, எண்ணி, "ஏழு" என்றார். ஏழுதான் இருந்தது.

நான் அப்போது கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். கஸ்பார் காபிக் கோப்பைக்கு முன் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். வீட்டு அங்கியும் வெறுங்காலுமாக விசி குனிந்து உள்ளே வந்தாள். தெருவில் காலடி வைக்க உதட்டுச்சாயம் பூசுகிற பெண் அவள்.

"யோவ் கஸ்பார், எழுந்திரு. என் புருஷன் பொய் சொன்னான்னியே?"

"அம்மா தாயே, அது எப்பவோ..."

"அவன் ரெண்டுன்னுதான்யா சொன்னான்! அவன் நாக்குக்கு வலது பக்கம் மட்டுந்தான் தெரியும். அவன் புத்தி ஒன்னவிட நேரா இருக்கு. இந்தத் தெருவே அவனுக்குப் புத்தி போச்சுன்னு நெனச்சுது. நானும் நெனச்சேன். கட்டுன பொண்டாட்டி, நானும் நெனச்சேன்யா!"

விசி என் பக்கம் திரும்பி, "சனிக்கிழமை போட்டில ரெண்டு பேர் எழுதிக்கோ. ஒனோரியோ, ஃபெம்கே" என்று சொல்லிவிட்டுக் கதவில் தலையை இடித்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்டில் கடையை மூடிவிட்டு நான் கடலோரம் போவதற்கு முன், ஜூலை கடைசிச் சனிக்கிழமை முஸ் போட்டி வைப்பேன். பரிசு ஒரு முழுப் பன்றித்தொடை. அன்றைக்கு ஒனோரியோ இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஆட்டம் தொடங்குமுன் விசி எல்லோரையும் பார்த்து உரக்கச் சொன்னாள்: "கேட்டுக்கோங்க. அவரு நாக்கு ஓரமாப் போனா ரெண்டு. மூணு இருந்தா மூக்கையும் சுருக்குவாரு. இப்பவே சொல்லிட்டேன், பின்னால எவனும் ஏமாத்திட்டாங்கன்னு வரக்கூடாது." யாரும் மறுக்கவில்லை. சொன்னவள் என் கல்லாப் பக்கம் வந்து, மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கனவே துடைத்திருந்த கிளாஸ்களை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். கடைசிவரை திரும்பவில்லை.

கடைசி ஆட்டத்தில் எதிரே கஸ்பாரும் கசாப்புக்கடை பெனிதோவும். புள்ளி எண்ண நடுவில் வைத்திருந்த கொண்டைக்கடலையை இரண்டு பக்கமும் ஏறக்குறைய எடுத்து முடித்துவிட்டார்கள். ஒரு புள்ளி எடுத்தால் ஒனோரியோ பக்கம் வெற்றி. சின்னச் சீட்டு யாரிடம் அதிகம் என்று பார்க்கும் சுற்று. ஒனோரியோ நாக்கை நீட்டினார். ஓரமாகப் போனது. மூக்கு அசையவில்லை. கஸ்பார் அதைப் பார்த்துவிட்டான்; நானும் பார்த்தேன், கஸ்பார் பார்த்ததையும் பார்த்தேன்.

"ஓர்தாகோ!" என்றாள் ஃபெம்கே. இருப்பதெல்லாம் இதிலேயே பந்தயம் என்று அர்த்தம்; எதிராளி ஏற்காவிட்டால் சொன்ன பக்கத்துக்கு ஒரு புள்ளி.

கஸ்பார் தன் சீட்டைப் பார்த்தான், ஒனோரியோவைப் பார்த்தான். "வேணாம்," என்று கவிழ்த்தான். அந்த ஒரு புள்ளியில் ஆட்டம் முடிந்தது.

ஒனோரியோ சீட்டைத் திருப்பினார். இரண்டு ஆஸ், இரண்டு ஏழு. கஸ்பாரிடமும் இரண்டு ஆஸ் இருந்தது, கூடவே ஏழைவிடச் சின்னதாக ஒரு நாலு. துணிந்து ஏற்றிருந்தால் அவன்தான் ஜெயித்திருப்பான்.

பெனிதோ துள்ளி எழுந்தான். "ரெண்டுதான் இருக்கு! மூணுன்னு காட்டுனான், நான் பாத்தேன்!"

என் பக்கத்தில் துடைக்கும் சத்தம் நின்றது. ஒனோரியோ பெனிதோவைப் பார்க்கவில்லை, கஸ்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபெம்கே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். விசியின் வீட்டில் அவருக்காக யாரும் பேசுவதில்லை.

"ரெண்டு," என்றார். "ரெண்டுன்னு... சொன்னேன்."

"உக்காரு பெனிதோ," என்றான் கஸ்பார். "அவன் ரெண்டுன்னுதான் சொன்னான். நான்தான் தப்பாப் படிச்சேன்." சீட்டுகளைச் சேர்த்து அடுக்கினான், அடுக்கியதைக் கலைத்தான். "அன்னிக்கும் நான்தான் தப்பாப் படிச்சேன், ஒனோரியோ. முப்பது வருஷமாப் பாத்த மூஞ்சி. இந்த வளந்த பொண்ணு ஒரே மாசத்துல படிச்சுட்டா."

பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டான். "இவ ஊருக்குப் போயிருவா. செப்டம்பர்ல எவன்கூட ஆடுவ நீ?"

ஒனோரியோ கஸ்பாரைப் பார்த்து, ஜோடிக்குக் காட்டுகிற மாதிரி, நல்ல பக்கத்துக் கண்ணை, இடது கண்ணை, ஒரு தரம் அடித்தார். முப்பத்தொன்று.

கடை முழுக்கக் கத்தினார்கள். அப்போதும் விசி திரும்பவில்லை. என் துடைக்கும் துணியை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள், தோள் குலுங்கியது. அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன், அவளிடம் கற்றதுதான். அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிவிட்டு, துணியை என் கையில் திணித்தாள்.

"இதத் துவைச்சு எத்தன நாளாச்சு நியெவெஸ்? நாறுது!" என்றாள், தெருக்கோடிவரை கேட்கும்படி.