ஓடையைப் பெருக்கினோம்

அன்று ஓடைக்கரையில் இருந்தவர்கள்: நான். என் ஓரகத்தி. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். சென்னையிலிருந்து வந்த ஆபீசர். அப்புறம் மேடம்.

மேடம் தண்ணீர்ப் பூச்சி எண்ணுகிறவர். படிப்பே அதுதான். படிக்கிற காலத்தில் எங்கள் ஊர் வெள்ளக்கடையில் தங்கி எண்ணினார். நான் வலை பிடித்தேன். பிறகு கடற்கரைக்குப் போய்விட்டார். புயலடித்தால் கரை தாங்க என்ன செய்யலாம் என்று அரசாங்கத்துக்குத் திட்டம் எழுதுகிற வேலை. மலைத் தண்ணீர்தான் கடைசியில் அங்கே போகிறது, அதனால் எங்கள் ஓடையையும் திட்டத்தில் சேர்க்கவேண்டும் என்று இரண்டு வருஷம் அலைந்தார். நேரில் பார்க்கிறேன், இருபது வகைப் பூச்சியாவது இருந்தால் சேர்க்கிறேன் என்றாராம் ஆபீசர். பூச்சி வகை கூடினால் தண்ணீர் நல்லது என்று கணக்காம்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. ஆபீசர் வருகிறார் என்று மட்டும்தான் ரைட்டர் சொன்னார். ஆபீசர் வந்தால் எஸ்டேட்டில் என்ன செய்வோமோ அதைச் செய்தோம். முந்தின நாள் நானும் ஓரகத்தியும் ஓடையைப் பெருக்கினோம். இலையை வாரிக் கொட்டினோம். கல்லைப் புரட்டித் தேங்காய் நாரால் தேய்த்தோம். இரண்டு கரையிலும் ரைட்டர் பிளீச்சிங் பவுடரில் கோடு போட்டார். நேராகத்தான் போட்டார்.

பூச்சி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆபீசர் வரும்போது பூச்சி இருக்கலாமா?

மேடம் வந்து பார்த்தார். ஆபீசருக்குப் பிடித்துப்போயிற்று. நல்ல சுத்தம் என்றார். ரைட்டர் கும்பிட்டார்.

மேடம் வலை போட்டு வெள்ளைத் தட்டில் ஊற்றினார். ஆபீசர் குனிந்தார். தட்டுத் தண்ணீரில் அவர் மீசைதான் தெரிந்தது. இன்னொரு தடவை ஊற்றினார். ஒரு நார் மிதந்தது.

"ஒண்ணு இருக்குதுங்க" என்றார் ரைட்டர்.

மேடம் என்னிடம் திரும்பினார். "அக்கா, எதுவரைக்கும் பெருக்கினீங்க?"

நான் ஓரகத்தியைப் பார்த்தேன். ஓரகத்திதான் சொன்னாள். "அந்த வளைவு வரைக்குந்தானுங்க. அதுக்கு மேல இடுப்பு நொம்பப் புடிச்சுக்கிச்சுங்க."

ரைட்டருக்கு அவமானம். "அரகொறையா உட்டுட்டா வந்தே?"

"சும்மா இருங்க. அவங்க இடுப்புக்கு நான் கும்புடு போடணும்" என்றார் மேடம்.

வளைவுக்கு மேலே போனோம். அங்கே எல்லாம் அழுகின இலை, பாசி. மேடம் வலை போட்டு ஊற்ற, தட்டு நிறையப் பூச்சி நெளிந்தது. ஆபீசரே எண்ணினார். பத்தொன்பது வகை. மேடம் மறுபடி வலை போட்டார். வந்ததெல்லாம் ஏற்கெனவே எண்ணினதுதான். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். மன்னிக்கணும் என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். வழுக்கி, ஓடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

ரைட்டர் தூக்கிவிட்டார். ஆபீசர் பேன்ட்டின் பின்பக்கம் இலை ஒட்டியிருந்தது. இலையில் ஏதோ ஊர்ந்தது. மேடம் பார்த்துவிட்டார். எடுக்கத் தயங்கினார்.

"அசையாதீங்க சார்" என்று நான் போனேன். மூன்று இருந்தது. மூன்றையும் எடுத்துத் தட்டில் போட்டேன். மேடம் குனிந்து பார்த்தார். ஒன்று எண்ணின வகை. மற்ற இரண்டும் வேறு வேறு, புதுசு.

ஆபீசர் திரும்பாமலே கேட்டார், மொத்தம் எவ்வளவு என்று.

இருபத்தொன்று.