எல்லாம் நார்மல் என்றார்கள்

கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியும் குழந்தை இல்லை. நான் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். கணவர் மல்காஜ்கிரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ரயில்வேயில் வேலை. இருவருக்கும் எல்லாப் பரிசோதனையும் முடிந்தபின், "எல்லாம் நார்மல். காரணம் தெரியவில்லை" என்றார் டாக்டரம்மா. அலுவலகத்தில் ஒரு பிழைக்குக் காரணம் தெரியாமல் நான் இருக்கையை விட்டு எழுந்ததே இல்லை. குறையே இல்லாத உடம்புக்கு எதற்கு மருந்து?

முதலில் க்ளோமிஃபீன் மாத்திரை. கருமுட்டை வளர்ந்தது, ஆனால் மூன்று மாதமும் கருப்பையின் உட்சுவர் மெலிசாகவே இருந்தது. கரு தங்கவில்லை. அடுத்து லெட்ரோசோல் எழுதிக் கொடுத்தார். மாத்திரை அட்டையோடு வந்த காகிதத்தைப் பிரித்தேன். மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து என்று போட்டிருந்தது.

"எங்கிட்ட எதையோ மறைக்கியளா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"கைக்கு இப்பிடி பயப்படுறே? வா, டாக்டர்கிட்டயே கேப்போம்." 'ஏன்' என்பதற்கு அவர் வாயில் அந்த ஊர் உருதுதான் வரும்.

கேட்டோம். "புற்றுநோய்க்கு வந்ததுதான். ஐந்தே நாள் கொடுத்தால் முட்டையை வளர்க்கும், உட்சுவரை அவ்வளவாக மெலியவைக்காது" என்றார்.

"ரெண்டுல எது நல்லது மேடம்?"

"உங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாதம்மா."

இரண்டு மாதம் சாப்பிட்டேன். மூன்றாம் மாதம், 2011 கடைசியில், மருந்துக்கடைக்காரர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். குழந்தைக்காக அதைக் கொடுக்கக் கூடாதென்று அரசு தடை போட்டுவிட்டதாம். ஏற்கெனவே விழுங்கியது என்ன செய்யும்? ஒரு செய்தி ஆபத்து என்றது. வெளிநாடுகளில் இன்னும் கொடுக்கிறார்கள் என்றது இன்னொன்று. எதை நம்புவது?

பிறகு முட்டை வளர ஊசி. நான்கு முட்டைகள் சேர்ந்து வளர்ந்துவிட்டன. ஒரே சமயத்தில் மூன்று நான்கு கரு தங்கினால் எனக்கும் ஆபத்து, குழந்தைகளுக்கும் ஆபத்து என்று அந்த மாத முயற்சியை ரத்து செய்தார்கள்.

"நக்கோ. போதும், விட்டுருவோம்" என்றார் கணவர். எனக்கு ஊசி போடும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் அவர். நான்தான் இன்னும் ஒரே ஒரு தடவை என்றேன். இந்த முறை குறைந்த அளவு, ஒரே முட்டை.

தங்கியது. ஸ்கேன் அறையில் இதயத் துடிப்பைக் காட்டினார்கள். கணவர் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

"அப்ப ஊசிதான் வேலை செஞ்சுதா மேடம்?"

"இருக்கலாம். ஒன்றுமே கொடுக்காமலும் தங்கியிருக்கலாம்."

மகள் பிறந்து சில மாதம் கழித்து, உடன் வேலைபார்த்த பெண் தனியாக அழைத்துப்போய், "அக்கா, எந்த மருந்துன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். மூன்று பெயரையும் சொன்னேன். அவள் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, "இதுல எதுக்கா வேலை செஞ்சுது?" என்று என் முகத்தையே பார்த்தாள்.