குருமிப் பூங்காவில் பந்துக்குத் தடை

மினோசே நகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், பூங்காப் பிரிவின் மேசை முன்னால் நின்றபடியே, தகவல் கேட்டு விண்ணப்பித்து வாங்கிய உறையை யசுயோ பிரித்தாள். உள்ளே ஒரே ஒரு காகிதம்.

பெயர் இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை. முகவரி இருந்த இடத்திலும் கறுப்புப் பட்டை. மற்றபடி, பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ எழுதிப் போட்ட புகார்க் கடிதத்தின் நகல் அப்படியே இருந்தது. அந்த யாரோ, வாக்கியம் முடிகிற இடத்தில் வைக்கும் சின்ன வட்டத்தைப் பெரிதாக, ஒரு பக்கம் நசுங்கிய உருளைக்கிழங்கு மாதிரி போட்டிருந்தார்.

ஊரில் அப்படி வட்டம் போடுகிற ஆள் ஒருத்திதான். சூப்பர் மார்க்கெட்டில் பொரித்த பண்டங்கள் பிரிவில் கொரோக்கே என்ற உருளைக்கிழங்குக் கட்லெட்டைப் பொரித்து அடுக்கிவிட்டு, 'இப்போதுதான் பொரித்தது, சூடு ஆறுமுன் எடுங்கள்' என்று தினமும் கையால் அட்டை எழுதி வைப்பவள். யசுயோ ஹோரிகோமே. வயது நாற்பத்து மூன்று.

"ஹோரிகோமே-சான், உட்காருறீங்களா? முகமே வெளுத்துப் போச்சு" என்றான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நேகிஷி. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆன பையன்.

"இது... இந்த ஒரு கடிதம்தானா?"

"ஒண்ணே ஒண்ணுதான். வேற புகாரே இல்ல. அதுதான் எங்களுக்கும் ஆச்சரியம்."

படித்தாள். 'குருமிப் பூங்காவில் பந்து தட்டும் சத்தத்தில் கைக்குழந்தை விழித்துக்கொள்கிறது. இரவு ஏழு மணிக்கு மேல் மட்டும் நிறுத்தச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். பகலில் பிள்ளைகள் விளையாடுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. சத்தம் கேட்டால் மனசுக்குத் தெம்பாகக்கூட இருக்கிறது.'

கீழே வேறொரு கையெழுத்தில் அலுவலகக் குறிப்பு: 'புகார்: பந்துச் சத்தம். நடவடிக்கை: கூடைப்பந்து வளையம் அகற்றப்பட்டது. பந்து விளையாடத் தடைப் பலகை வைக்கப்பட்டது. முடிந்தது.' கடிதம் வந்ததற்கும் முடிந்ததற்கும் நடுவே மூன்று நாள்.

மூன்று நாள்! அதே வளையத்தைத் திரும்ப மாட்டச் சொல்லி யசுயோ வாங்கிக் கொடுத்த ஆயிரத்து நூற்று அறுபத்து நான்கு கையெழுத்து பதினான்கு மாதமாக இதே கட்டடத்தில் பரிசீலனையில் கிடக்கிறது.

எழுதியது அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. நூலக வாசலில் இருந்த மேயருக்கான கருத்துப் பெட்டியில் ஏதோ எழுதிப் போட்டது தெரியும். அப்போது கணவன் வேலை மாற்றலாகி செண்டாயில் இருந்தான். அவள் தனியாகக் கைக்குழந்தையோடு, நின்றுகொண்டே தூங்கிய நாட்கள். எழுதியதையும் பலகையையும் அவள் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. இரவு கொஞ்சம் அடங்கச் சொன்னோம், அடங்கியது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டாள். அந்தக் கைக்குழந்தைதான் ரியோகா. அவளுக்கு இப்போது பதினான்கு வயது, பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் ஆடுகிறாள். பள்ளி உள்ளரங்கம் அவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் கிடைக்கும். அடுத்த வளையம் இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், சைக்கிளில் நாற்பது நிமிடம். நடுநிலைப் பள்ளியில் இது கடைசி ஆண்டு என்பதால் ஜூன் மாதப் போட்டியோடு குழுவிலிருந்து விலக வேண்டும்.

படிக்கட்டில் இறங்கும்போதே தொலைபேசி அடித்தது. கான்பே. கையெழுத்து வாங்க அவளோடு வீடுவீடாக அலைந்த தோழி.

"கிடைச்சுதா? கிழவர் எழுத்துதானே?"

"இன்னும்... இன்னும் தரல."

"வியாழக்கிழமை நகர மன்றக் குழுக்கூட்டம் வருது, இன்னும் தரலையா? நல்லாத் தூங்குறானுங்க. கையில கிடைச்ச உடனே சொல்லு, உறுப்பினர் அத்தனை பேருக்கும் நகல் எடுத்துக் குடுத்துடலாம். அந்த மனுஷன் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும் எனக்கு!"

யசுயோ தொலைபேசியை அணைத்தாள். நகல் எடுத்தால் போதும். ஊரில் அவளிடம் கொரோக்கே வாங்காத வீடு ஏது?

கிழவர் என்றது உபுகாதாவை. பூங்காவை ஒட்டிய மதில் அவருடையது. ஒரு முறை மதில் மேல் ஏறிய பையன்களை அதட்டியிருக்கிறார். 'குடியிருப்பவர் ஒருவரின் ஆட்சேபம் நிலுவையில் இருக்கிறது, யாரென்று சொல்ல விதியில் இடமில்லை' என்று நகராட்சி கைவிரித்ததும், மனுவுக்காக அலைந்த ஒன்பது பெண்களுக்கும் அவர் முகம்தான் ஞாபகம் வந்தது. போன இலையுதிர் காலத்தில் கஸ்தெரா கேக் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்பது பேரும் அவர் வாசலில் போய் இடுப்பு வரை குனிந்தார்கள். "பிள்ளைங்களுக்காகக் கொஞ்சம் மனசு வைங்க." அவர் டப்பாவை வாங்கிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை, கதவைச் சாத்தினார். குற்றம் உறுதியாகிவிட்டது.

அதற்குப் பிறகு யசுயோ செய்தது இன்னொன்று உண்டு. தெரு அறிவிப்புகளைச் செருகி வீடு வீடாகக் கைமாற்றும் சுற்றறிக்கைப் பலகை அவள் வீட்டிலிருந்து உபுகாதா வீட்டுக்கும், அங்கிருந்து கான்பே வீட்டுக்கும் போக வேண்டும். அவள் நேரே கான்பேயிடம் கொடுக்க ஆரம்பித்தாள். முதல் தடவை மறதி. அடுத்தடுத்த தடவைகள் மறதி இல்லை. தெருவார் சேர்ந்து களை பிடுங்கும் ஞாயிற்றுக்கிழமை எதுவென்று தெரியாமல் கிழவர் வராமலிருந்தார். 'பார்த்தீங்களா, இந்த மனுஷன் இப்படித்தான்' என்று தெருவே பேசியது. யசுயோவும் தலையாட்டினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் பூங்காவில் ரியோகா நின்றிருந்தாள். குனிந்து, முழங்காலை மடக்கி, வலது கையால் காற்றைத் தரையில் அடித்துக்கொண்டு ஓடினாள். திரும்பினாள், எம்பினாள், வளையம் இல்லாத கம்பத்தை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள். கையில் பந்து இல்லை.

"என்னடி பண்றே?"

"பந்து விளையாடத்தானேம்மா தடை? பந்து எங்கே இருக்கு, நீயே பாரு. கோச் சொன்னாரு, காலாவது பழகட்டும்னு." பிறகு மதில் பக்கம் கண்ணைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "அவருக்குக் காத்துச் சத்தமும் கேட்குமோ என்னமோ."

யசுயோ வெறும் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். எழுதிப் போட்டது இந்தக் குழந்தை தூங்கட்டும் என்றுதானே.

அன்று மாலையே சுற்றறிக்கைப் பலகையை எடுத்துக்கொண்டு உபுகாதா வீட்டு மணியை அடித்தாள். ரப்பர் பூட்ஸோடு வந்தவர் பலகையைப் பார்த்தார்.

"வழி தெரிஞ்சுதா? பதினோரு வாரம் ஆச்சு."

மன்னிப்புக் கேட்க வந்தவள் முதலில் காகிதத்தை நீட்டினாள். அவர் கையை எட்ட நீட்டிப் பிடித்துப் படித்தார்.

"இது கொரோக்கே எழுத்து."

"ஆமாங்க."

"நீ எழுதினது."

"ஆமாங்க. நானே இன்னிக்குத்தான்..."

அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தவுமில்லை, வா என்று சொல்லவுமில்லை. திரும்பி வந்தபோது கையில் அந்தக் கஸ்தெரா டப்பா. சுற்றிய காகிதம்கூடப் பிரிக்கப்படாமல் இருந்தது.

"எடுத்துட்டுப் போ. தேதி முடிஞ்சு போச்சு."

"சாப்பிடவே இல்லையாங்க?"

"செய்யாத தப்புக்குக் கொடுத்த பண்டம் எப்படித் தொண்டையில எறங்கும்? வாசல்ல ஒன்பது பேர் குனிஞ்சு நின்னா வாங்காமலும் இருக்க முடியல. ஒரு வார்த்தை, 'நீங்களா'ன்னு கேட்டீங்களா ஒருத்தியாவது?"

யசுயோ டப்பாவை வாங்கினாள். அவள் குனிந்து நிமிர்வதற்குள் அவர் கதவைச் சாத்திவிட்டார்.

வியாழக்கிழமை. குழு அறையில் உறுப்பினர்கள் ஏழு பேர், பூங்காப் பிரிவுத் தலைவர், ஓரத்தில் நேகிஷி. பார்வையாளர் நாற்காலிகளில் கான்பேயும் மற்றவர்களும். மனு கொடுத்தவர் பேச ஐந்து நிமிடம். யசுயோ எழுதி வைத்திருந்த உரையை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"அந்தப் புகாரை எழுதினது நான்தான். அதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

பின்னால் கான்பே, "என்ன சொல்றா இவ?" என்று சத்தமாகவே கேட்டாள்.

பிரிவுத் தலைவர் எழுந்தார். "கடிதம் எழுதியவர் யார் என்பதை நாங்கள் உறுதி செய்யவோ மறுக்கவோ இயலாது."

"நான்னு நானே சொல்றேனே!"

"அதையும் உறுதி செய்ய இயலாது. தனிநபர் விவரம்."

"யாரோட விவரம்? என்னோட விவரத்தை எங்கிட்டயே மறைப்பீங்களா?"

தலைவர் நேகிஷியைப் பார்த்தார். நேகிஷி மேசையைப் பார்த்தான். யசுயோ எதிரே கிடந்த நிகழ்ச்சி நிரலைத் திருப்பி, அதன் முதுகில் கடிதத்தின் முதல் வரியை எழுதி, பெரிய வட்டம் போட்டு, நகலோடு சேர்த்து முன்னால் தள்ளினாள். கடைசி நாற்காலியில் இருந்த உறுப்பினர் எட்டிப் பார்த்தார்.

"அட, இது நம்ம கொரோக்கே அட்டை! செவ்வாய்க்கிழமை தவறாம வாங்குறேனே நான்!"

இரண்டு பேர் சிரித்தார்கள். யசுயோ சிரிக்கவில்லை.

"முழுசா வாசிங்க. கடைசி வரைக்கும்."

அந்த உறுப்பினர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். 'ஏழு மணிக்கு மேல் மட்டும்' என்ற இடத்தில் அவர் குரல் தயங்கியது. 'பகலில் பிள்ளைகள் விளையாடுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை' என்ற இடத்தில் சிரித்தவர்களின் முகம் மாறியது. வாசித்து முடித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்று.

"இதுக்கா வளையத்தைக் கழட்டினீங்க?"

"அப்போது நான் இந்தப் பிரிவில் இல்லை" என்றார் தலைவர்.

மனு அன்றே ஏற்கப்பட்டது. காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை விளையாடலாம்.

வெளியே வந்ததும் கான்பே, "எங்க எல்லாரையும் அவர் வாசல்ல குனிய வச்சியேடி!" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனாள். அடுத்த வாரம் சுற்றறிக்கைப் பலகை யசுயோ வீட்டுக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

மே மாதம் முதல் திங்கட்கிழமை வளையம் மாட்டினார்கள். ரியோகா அன்று பள்ளி விட்டதும் போனவள் ஏழு அடித்த பிறகுதான் வந்தாள், உள்ளங்கை சிவக்கச் சிவக்க.

அதே வாரம் வியாழக்கிழமை மதியம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும்போது நேகிஷியின் அழைப்பு.

"ஹோரிகோமே-சான், ஒரு கடிதம் வந்திருக்கு."

யசுயோ கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"பந்து பயமா இருக்குன்னு எழுதியிருக்காங்க. யார்னு சொல்ல..."

"யார்னு நான் கேட்கல. கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

"அது... இன்னும் இல்ல."

"படிங்க. நான் இங்கேதான் இருக்கேன்."

காகிதம் சரசரத்தது. அவன் முணுமுணுப்பாகப் படிப்பது கேட்டது. திடீரென்று நின்றது.

"ஐயோ... ரோட்டுப் பக்கம் வலை கட்டணும்னுதான் கேட்டிருக்காங்க. சைக்கிள்ல பின்னால குழந்தை இருக்காம். வளையம் வேண்டாம்னு ஒரு வார்த்தை இல்ல!"

"அப்புறம் என்ன?"

"தலைவர் முதல் வரியோட நிறுத்திட்டு வளையத்தைக் கழட்டச் சொல்லிட்டாரு. ஏணி வண்டி கிளம்பி இருபது நிமிஷம் ஆச்சு!"

யசுயோ அடுப்பை அணைத்தாள். ஏப்ரனும் தலைமுடி வலையுமாகப் பின்வாசல் வழியே ஓடினாள். அவள் போய்ச் சேரும்போது ஏணி ஏற்கெனவே கம்பத்தில் சாய்ந்திருந்தது. மேலே ஒரு ஆள் ஸ்பேனரோடு நின்றான். கீழே ஏணியின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ரப்பர் பூட்ஸோடு உபுகாதா.

"இறங்குடா! யார் சொன்னா? கடிதமா? எங்கே அந்தக் கடிதம்? முழுசாக் காட்டு, அப்புறம் கழட்டு!"

யசுயோ மூச்சு வாங்க ஏணியின் இன்னொரு காலைப் பிடித்தாள். கிழவர் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"இதுவும் உன் எழுத்தா?"

"இல்லீங்க! சத்தியமா இல்ல!"

"சரி, கெட்டியாப் பிடி" என்றார். மேலே இருந்தவன் ஸ்பேனரைப் பையில் போட்டுவிட்டு, அலுவலகத்தைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தான்.