சூளையில் போன கறுப்பு மண்

குழிக்குள் இறங்கியதும் மூக்கில் ஏறியது அந்த வாடைதான்... நாள்பட ஊறிய தழை வாடை.

சுதந்திரத்துக்குச் சற்று முந்தைய கோடை. தா.பழூர் பக்கம் வறண்டு கிடந்த ஏரிக்குள் பண்ணையார் ஒருவர் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். மண் ஆய்வு ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்த நானும் நண்பன் தனபாலும் பார்க்கப் போயிருந்தோம்.

கிணற்றுச் சுவரில் கறுப்பாக ஓர் அடுக்கு. தண்ணீர் தேங்கி நின்ற காலத்தில் கோரையும் இலையும் விழுந்து, முழுக்க மட்காமல் இறுகிய மண். பீட் என்போம்; காய்ந்தால் விறகு மாதிரி எரியும். அதன் கீழே வெறும் மணல். அதற்கும் கீழே மறுபடி கறுப்பு.

தனபால் கத்தினான். "டேய், இங்க பாருடா! கறுப்பா இருக்குறது மழை பேஞ்ச காலம். மணலா இருக்குறது ஏரி காஞ்சு கெடந்த காலம். நம்ம ஊரு மழை வரலாறே இந்தச் செவுத்துல நிக்குது!"

பெட்டிகள் கொண்டுவந்து அடுக்கடுக்காக வெட்டி எடுக்கும்வரை சுவரைத் தொட வேண்டாம் என்று பண்ணையாரிடம் கேட்டோம்.

"அதுக்கென்ன தம்பி, போயிட்டு வாங்க. ஒரு பய தொடமாட்டான்."

திருச்சி போய்ப் பெட்டிகளோடு திரும்ப மூன்று வாரம் ஆகிவிட்டது. சுவர் இல்லை. பெரிய பள்ளம்தான் இருந்தது. கரையில் அவருடைய செங்கல் சூளை புகைந்துகொண்டிருந்தது. யுத்தம் முடிந்தும் விறகுத் தட்டுப்பாடு தீரவில்லை. கறுப்பு மண்ணை வெட்டி, காயவைத்து, எரித்துவிட்டார்கள்.

"வாக்குக் குடுத்தீங்களேங்க!" தனபால் பண்ணையாரிடம் ஓடினான்.

பண்ணையார் சிரித்தார். "சேறுதானே தம்பி எரியுது? ஒங்க அப்பன் வூடா எரியுது?"

அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. தனபால் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கிச் சூளை வாயில் கொட்டினான். நானும் கொட்டினேன். ஆட்கள் எங்களைப் பிடித்துத் தள்ளி மிதித்தார்கள்.

ஆபீஸில் மேலதிகாரி மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. சேத்துக்காகப் பெரிய மனுஷரைப் பகைச்சுக்குவீங்களா?"

"முடியாது சார்" என்றான் தனபால். நானும் அதையே சொன்னேன். இருவருக்கும் வேலை போயிற்று. நான் அரியலூரில் வாத்தியார் ஆனேன். அவன் பெரம்பலூரில் சைக்கிள் கடை வைத்தான்... கடைசிவரை மண்ணைப் பற்றிப் பேசவே இல்லை.

இப்போது எனக்கு நூறு நெருங்குகிறது. போன மாதம் காலேஜ் ஆராய்ச்சிப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பழைய மழையின் தடம் தேடி ஏரி ஏரியாகக் குழாய் இறக்கி அடிமண் எடுக்கிறார்களாம். எங்கள் காலத்தில் கேலி செய்த வேலைக்கு இன்று மெஷின், ஜீப், எல்லாம் இருக்கிறது. ஆனால் தா.பழூர் பக்கம் ஒன்றும் கிடைக்கவில்லையாம்.

"ஐயா, அந்தப் பக்கம் எங்கயாச்சும் கறுப்பு மண்ணு பாத்திருக்கீங்களா?"

"பாத்தேன்ப்பா" என்றேன். கோபத்தில் கை நடுங்கியது.

வயசு நடுக்கம் என்று நினைத்து, அந்தப் பையன் என் கையிலிருந்த காபி டம்ளரைப் பதமாக வாங்கிக் கீழே வைத்தான்.