குறுக்கே மட்டும் போனவள்

என் மனைவி வால்புர்கா முப்பத்தொரு வருடம் ரைன் நதியிலேயே கிடந்தவள். ஆனால் நதியோடு ஒரு கிலோமீட்டர்கூடப் போனதில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு ஆளையும் வண்டியையும் ஏற்றும் படகை ஓட்டுகிறவள், குறுக்கேதான் போவாள். எங்கள் கரையிலிருந்து எதிர்க்கரை, எதிர்க்கரையிலிருந்து எங்கள் கரை. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. கார், சைக்கிள், திராட்சை ஏற்றிய டிராக்டர், ஒருமுறை சவப்பெட்டிகூட. பக்கத்தில் எங்கும் பாலம் கிடையாது என்பதால் மகாராணி மாதிரி நடந்துகொள்வாள்.

மகாராணிக்கு ஒரே எதிரி வெள்ளைக் கப்பல். நீளவாக்கில் போகிற கப்பலுக்குக் குறுக்கே போகிற படகு வழிவிட வேண்டும், அது ஆற்றுச் சட்டம். கோட்டை பார்க்க வந்த குடும்பங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு அது ஆடி அசைந்து கடக்கும்வரை இவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். மேல்தளத்திலிருந்து அத்தனை பேரும் கையாட்டுவார்கள். இவள் ஆட்டமாட்டாள்.

“கை சும்மா இருக்கறவங்க ஆட்டுவாங்க. எனக்கு வேலை இருக்கு” என்பாள்.

இந்த ஜூன் மாதம் படகு நிறுவனம் ஒரு தாள் கொடுத்தது. விலகுகிறாளா, இன்னும் மூன்று வருடம் ஓட்டுகிறாளா? திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தாளை மடித்துக் கைப்பையில் வைத்தவள், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் ரொட்டிக்கடையை மூடிவிட்டுப் பதினோரு வருடமாக மத்தியானச் சூப்பைத் தனியாகக் குடிக்கிறவன். அவள் வீட்டோடு வந்துவிட வேண்டும் என்று ஏங்கினேன். கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

எங்கள் மகள் ஆன்னெலிக்கு அம்மாவைத் தெரியும், என்னையும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு டிக்கெட் வாங்கிவிட்டாள். ரூடெஸ்ஹைமிலிருந்து கோப்லென்ஸ் வரை, வெள்ளைக் கப்பலில்.

“செத்தாலும் அதுல ஏற மாட்டேன்.”

“ஒரு நாள் உக்காந்து வாயேன்மா. நீ உக்காந்து நான் பாத்ததே இல்ல.”

ஏறினாள். ஏறியவள் முதல் ஒரு மணி நேரம் சுக்கான் அறைக்குக் கீழேயே நின்று, கப்பல் ஓட்டுகிறவரை முறைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை டோர்பென் வடக்கே சமவெளிக்காரன். மேடு கண்டாலே படம் எடுப்பான்.

“அத்தே, இது என்ன கோட்டை?”

“எனக்கென்ன தெரியும்? நம்ம ஊருக் கோட்டை தெரியும், எதிர்க்கரைக் கோட்டை தெரியும். இதெல்லாம் வளைவுக்கு அந்தாண்ட.” பிறகு அவளே அண்ணாந்து பார்த்தாள். “குன்றுக்குக் குன்று ஒண்ணு! இத்தனை பேரும் மேல உக்காந்துகிட்டு ஆத்துல போறவங்ககிட்ட வரி புடுங்கினாங்களா?”

“நீயும் அதைத்தானே பண்றே” என்றேன். ஆன்னெலி சிரித்த சிரிப்பில் காபி கொட்டியது.

பாகராக் ஊர் வந்தபோது வால்புர்கா செருப்பைக் கழற்றிவிட்டு ப்ளம் கேக் தின்றுகொண்டிருந்தாள். மதில், கோபுரம், மேலே திராட்சைத் தோட்டம் என்று ஊர் முழுக்க வெயிலில் நின்றது. “இவ்வளவு கிட்ட இருந்துருக்கு” என்றாள், தனக்குத்தானே.

அப்புறம் எங்கள் ஊர் வந்தது. எதிர்க்கரையில் அவள் படகு, கார்களோடு, நாங்கள் கடக்கக் காத்திருந்தது. ஓட்டுவது டெட்லெஃப், இவள் விடுப்பில் இருந்தால் மாற்றாக வருகிற ஆள். கப்பலில் எல்லோரும் கையாட்டினார்கள். அவன் ஆட்டவில்லை. வால்புர்கா கேக்கை வைத்துவிட்டு வெறுங்காலோடு பின்தளத்துக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். எங்களுக்குப் பின்னால் படகு எங்கள் கரையை நோக்கிக் கிளம்பியது.

“பெஞ்சு காலியா இருக்கு” என்றாள்.

துறையில் இருக்கும் பெஞ்சு அது. தினமும் மத்தியானம் பிளாஸ்கோடு நான் உட்காருகிற இடம்.

“நான்தான் இங்க நிக்கறேனே.”

“அது தெரியுது. உன் சிவப்புத் தொப்பியக் குறி வச்சுத்தான் நான் படகைத் திருப்புவேன். பதினோரு வருஷமா. நீ கொஞ்சம் தள்ளி உக்காந்தா அப்படியே கோவமா வரும். இவன் எதைப் பாத்துத் திருப்புவான்?”

அவள் என்னைக் கவனித்ததே இல்லை என்று நினைத்திருந்தேன். டெட்லெஃப் படகைத் திருப்பினான். துறைச் சரிவில் ஒரு உரசல் இல்லாமல் அணைத்தான். கார்கள் இறங்கின.

“நானும் இல்ல, நீயும் இல்ல” என்றாள் மெதுவாக. “அது பாட்டுக்குக் கரை சேந்துடுச்சு, ஹெரிபெர்ட்.”

அவள் கண் கலங்கி நான் அதிகம் பார்த்ததில்லை. மேசைக்குத் திரும்பியதும் என் கேக்கையும் அவள் பக்கம் தள்ளினேன். அதையும் தின்றாள். பரிமாறுகிற பெண்ணிடம் பேனா வாங்கி, தாளை விரித்துக் கையெழுத்துப் போட்டாள். நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். விலகுகிறாள்.

இப்போது பெஞ்சில் இரண்டு பேர். என் நிம்மதி போயிற்று. “டெட்லெஃப், இப்பத் திருப்பு, இப்ப!” என்று அவன் காதுக்கு எட்டாத தூரத்திலிருந்து கத்துவாள். வெள்ளைக் கப்பல் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டு விறைப்பாக உட்காருவாள். நேற்று அது கடக்கும்போது திடீரென்று எழுந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

“என்ன வால்லி, நீயா?”

“சும்மாதானே இருக்கு” என்றாள், திரும்பாமல்.

சும்மா இருந்த கைகளில் ஒன்றை எட்டிப் பிடித்துக்கொண்டேன். கப்பல் வளைவில் மறையும்வரை மற்றதை அவள் இறக்கவில்லை.