மாடியில் மேகம் பார்த்தவர்

ஆவணி பிறந்த பிறகும் எங்கள் பக்கத்தில் வெயில் கிளம்பிப் போகாது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று இன்னும் அரை மணி நேரம் பேசுகிற விருந்தாளி மாதிரி நின்றுகொண்டே இருக்கும். கடற்கரையோரத்துக்காரர்களுக்கு மத்தியானமே கடல்காற்று வந்துவிடும். அது எங்கள் இரும்புலியூர் வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். சில நாள் வழியிலேயே எங்கோ தங்கிவிடும்.

அந்த வருஷம் என் வீட்டுக்காரர் காலையில் பல் தேய்த்த கையோடு ஃபோனை எடுத்து வானிலை அறிக்கையை உரக்கப் படிப்பார். தினமும் ஒரே பாட்டுதான். வெப்பச்சலனத்தால் மாலையில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை, வெப்பம் படிப்படியாகக் குறையும். அந்த ஓரிரு இடங்கள் எப்போது பார்த்தாலும் பக்கத்து ஊராகவே இருந்தன. மாடம்பாக்கத்தில் பெய்தது என்பார்கள், இங்கே துணி மொடமொடவென்று காயும். 'படிப்படியாக' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மற்றவர்களுக்கு வெயில் என்றால் வேர்வை, கரண்ட் பில். எங்களுக்கு அது தாகம். இவருக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். உள்ளே போகிற தண்ணீர் தானாக வெளியே வராது என்பதால் குடிப்பதற்கு அளவு உண்டு. காலையில் ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி வைப்பேன். மாத்திரைக்கும் தொண்டைக்கும் அன்றைக்கு முழுக்க அதுதான். சித்திரையில் ஒரு நாள் தாங்க முடியாமல் குளியலறைக் குழாயில் வாயை வைத்துக் குடித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு மூச்சுத் திணறியது. இன்னொரு தடவை இப்படி ஆனால் இதயம் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெயில் தணிந்தால் தாகமும் தணியும், அதுவரைக்கும் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான் பார்த்துக்கொண்டேன். வீட்டில் தண்ணீர் என்ற ஒன்றே இல்லாதது மாதிரி ஆக்கினேன். சொம்பு, டம்ளர் எல்லாம் அலமாரிக்குள் போயின. டிவியில் கூல்டிரிங்க்ஸ் விளம்பரம் வந்தால் சேனலை மாற்றுவேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். அதையும் நிறுத்தினேன். என்னைப் பற்றிச் சொந்தக்காரர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியும். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கும் தாகம் எடுக்குமே. அவர் எதிரில் குடிக்க மனசு வராது. வறண்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு முன்னால் எப்படி டம்ளரை எடுப்பது? சாயங்காலம் நாலு மணிக்கு அவர் மொட்டை மாடிக்குப் போவார். அப்போதுதான் கர்ரென்று சத்தம் போடும் தண்ணீர் ஃபில்டரைத் திறந்து திருடி மாதிரி மடக்மடக்கென்று குடிப்பேன். டம்ளரைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயையும் துடைத்துக்கொள்வேன்.

அந்த நேரத்தில் மாடித் தரை தோசைக்கல்லாகக் கொதிக்கும். போகாதீர்கள், இன்னும் தாகம் எடுக்கும் என்று தினமும் கத்துவேன். மேற்கே படப்பைப் பக்கம் மேகம் கட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்பார். எங்களுக்கு இந்த மாதங்களில் மழை மேற்கேயிருந்துதான் வரும். திரும்பி வந்து, கட்டியது கலைந்துவிட்டது என்பார். அதைச் சொல்லும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சத்தம் சரியாக வராது. ஒரு மேகத்தைப் பார்க்க இத்தனை வீம்பா என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

கீழ்வீட்டில் குடியிருந்த பெண் இட்லி மாவு அரைத்து விற்பவள். எங்கள் தெரு பள்ளம். பெரிய மழை என்றால் அவள் வீட்டுக்குள்தான் முதலில் தண்ணீர் புகும். "இன்னா அக்கா, அண்ணா மழ வரும்னு சொல்லிகினு கீறாரு? வூட்ல தண்ணி வந்தா கிரைண்டரு காலி. எனுக்கு மழையே வோணாம்" என்று ஒரு நாள் படிக்கட்டில் மறித்துக்கொண்டாள். ஒரே கூரைக்குக் கீழே ஒருத்தி மழை வேண்டாம் என்றும் இன்னொருத்தி வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டிருந்தோம். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் வேண்டுதலை நான் விடவில்லை.

ஒரு நாள் காலை அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்' போய், 'பரவலாக' வந்திருந்தது. இனி வரும் நாட்களில் வெப்பம் இயல்பைவிடக் குறைவாக இருக்கும் என்றும் போட்டிருந்தது. அதை அவர் இரண்டு தடவை படித்தார். நாலு மணிக்கு வழக்கம்போல மாடிக்குப் போனார். நான் குடித்து முடித்து டம்ளரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஜில்லென்று காற்று வந்து கதவை அறைந்தது. அடுத்த நிமிஷம் மழை கொட்டியது. கீழ்வீட்டில் கிரைண்டரை மேலே தூக்கி வைக்க ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது.

அவர் இறங்கி வரவில்லை. கோடை முழுக்கக் காய்ந்த மனுஷன், தலைக்கு மேல் இவ்வளவு தண்ணீர். வாயைத் திறந்து அண்ணாந்து நின்றுவிட்டால் யார் தடுப்பது? முட்டி வலியால் நான் மொட்டை மாடி ஏறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

அவர் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்திருந்தார். வாயை இறுக்கி மூடியிருந்தார். முகமெல்லாம் சாரல். மேற்கே திரும்பிப் பார்த்தேன். ஆகாசமே இல்லை. அடுத்த மனையில் அபார்ட்மெண்ட் கட்டுகிற சத்தத்தை மாதக்கணக்கில் கேட்டிருக்கிறேன். அது மேற்குப் பக்கத்தை முழுசாக அடைத்துவிட்டது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பூசாத செங்கல் சுவர் ஒன்று, மழையில் கறுத்துக்கொண்டு நின்றது.

"இங்கேர்ந்து படப்பை பக்கம் எதுவும் தெரியாதே" என்றேன்.

அவர் முகத்துச் சாரலைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி குடிச்சிட்டியா?" என்று கேட்டார்.

என் கை தானாகப் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தது. "நான் கீழ இருந்தா உனக்குத் தொண்டையில எறங்காது. ஃபில்டர் சத்தம் நின்னதும் வருவேன். இன்னிக்கு மழையில கேக்கல" என்றார்.

அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டா இத்தனை நாள் வெயிலில் வெந்தார் என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மழையில் நின்றே அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு வந்தார்.

அறிக்கை சொன்னபடியே குளிர்ந்தது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சில நாள் பாட்டிலில் தண்ணீர் மிச்சம்கூட இருந்தது. அடுத்த கோடையை அவர் பார்க்கவில்லை. மாசி முடிவதற்குள் போய்விட்டார்.

இந்த வருஷமும் ஆவணி பிறந்துவிட்டது. ஃபோனில் அறிக்கையை நானே படித்துக்கொள்கிறேன், ஓரிரு இடங்களில் என்றுதான் போட்டிருக்கிறது. டம்ளர்கள் பழையபடி வெளியே வந்துவிட்டன. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக் குடிக்கலாம். மத்தியானமே தொண்டை காய்ந்துவிடுகிறது. நாலு மணி ஆகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.